வசந்தகாலக் கடல் தூண்டில்: கடல்பாலத்திலும் மணற்கரையிலும் ஒரு நாளைத் திட்டமிடுவது

வசந்தத்தில் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தூண்டில் முள் கட்டியதிலோ இரை கோத்ததிலோ தவறியிருப்பதில்லை. போன நேரம்தான் தவறு. குளிர்காலம் முழுக்க ஆழத்துக்கு ஒதுங்கிய மீன்கள் கரைப்பக்கம் திரும்பும் பருவம் இது. ஆனால் ஒரேயடியாகத் திரும்புவதில்லை. இரண்டு நாள் வரும், ஒரு குளிர்காற்று அடித்ததும் விலகும், மறுபடி வரும். ஒரே நாளுக்குள்ளும் மூன்று மணி நேரம் விடாமல் கடிக்கும். மிச்ச நேரமெல்லாம் கடலே காலியாகிவிட்டதோ என்று தோன்றும். அந்த மூன்று மணி நேரம் எப்போது, எந்த இடத்தில் என்று முன்கூட்டியே கணிப்பதில்தான் திட்டத்தின் பாதி வேலை இருக்கிறது. ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) அதற்குப் பிறகு.

முதலில் தண்ணீரின் சூடு

வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் காலை நீரில் வைத்தால் எலும்பு வரை சில்லிடும். நிலம் சூடாகும் வேகத்தில் கடல் சூடாவதில்லை. காற்றுக்குச் சில வாரங்கள் பின்தங்கியே வரும். வட அரைக்கோளத்தில் மார்ச் முதல் மே வரையும், தென் அரைக்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் வசந்தம் என்று காலண்டர் சொல்வதை மீன் கேட்பதில்லை. அது பார்ப்பது தண்ணீரை.

எந்த மீனைத் தேடிப் போகிறீர்களோ, அதற்கென ஓர் எண் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் ஆறுகளுக்குள் முட்டையிடத் தொடங்குவது நீர் 14, 15 டிகிரி செல்சியஸைத் தொடும் சமயத்தில். அதே கரையின் தெற்கே ஸ்பானிஷ் மாக்கெரல் கடல்பாலங்களின் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தூண்பாலங்கள்) பக்கம் கூட்டமாக வருவதற்கு ஏறக்குறைய 20 டிகிரி வேண்டும். உங்கள் கரைக்கு வரும் இனங்களில் இரண்டை மட்டும் தேர்ந்துகொண்டு, அவற்றின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்து இனத்துக்கும் சேர்த்துத் தயாராகிறவர் பெட்டியைச் சுமந்துகொண்டு நடப்பதோடு சரி.

எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். மூன்று நாளாக மெல்ல ஏறி 13 டிகிரிக்கு வந்த நீர், நேற்று 16 ஆக இருந்து இன்று 13க்குச் சரிந்த நீரைவிட எவ்வளவோ மேல். இரண்டு மூன்று டிகிரி திடீரென்று இறங்கினால் மீன் வாயை மூடிக்கொள்ளும். இப்படி இறங்கக் காரணம் பெரும்பாலும் காற்று. நிலத்திலிருந்து கடலை நோக்கியோ கரைக்கு இணையாகவோ பலமாக வீசும் காற்று மேலே உள்ள சூடான நீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வந்துவிடும். வானம் பளிச்சென்று, வெயிலும் நன்றாக இருக்கும் நாளில் ஒன்றும் கடிக்காமல் போவதன் மர்மம் பல சமயம் இதுதான்.

செயற்கைக்கோள் படங்கள் கடலின் மேல்தோலை மட்டும் அளக்கின்றன. மேகம் இருந்தால் அதுவும் இல்லை, கரையை ஒட்டிய நீரில் துல்லியமும் குறைவு. மிதவைகளில் உள்ள கருவிகள் நம்பகமானவை, ஆனால் பல கிலோமீட்டர் தள்ளி நிற்பவை. இரண்டையும் போக்கு தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். போன இடத்தில் ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, ஒரு மீட்டர் ஆழத்தில் 2 நிமிடம் தொங்கவிட்டு நீங்களே அளவு எடுங்கள்.

இங்கேதான் வசந்தத்தின் ஒரு விசேஷம். மீன்பிடிக்க விடியற்காலைதான் உத்தமம் என்பது கோடைக்குப் பொருந்தும்; இளவசந்தத்துக்குப் பொருந்தாது. இரவு முழுக்கக் குளிர்ந்த நீர் விடியும்போதுதான் நாளின் மிகக் குறைந்த சூட்டில் இருக்கும். தாழ்ந்த ஓதத்தில், அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும்போது, வெளியே தெரியும் கரிய சேறும் மணலும் நண்பகல் வெயிலில் காய்ந்து, அதன்மேல் பிற்பகல் ஏற்றம் பரவும்போது அந்த ஆழமற்ற நீர் ஓரிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாகும். சிறு இரைமீன்கள் அங்கே சேரும், பெரியவை பின்னால் வரும். ஆகவே பருவத்தின் முதல் பாதியில் பிற்பகல் 2 மணியிலிருந்து இருட்டும் வரை. நீர் நிலையாகச் சூடான பிறகு விடியலும் அந்தியும் இரவும்.

கழிமுகங்களுக்கும் இதே கணக்கு, தலைகீழாக. உள்ளே ஆழமற்ற காயலில் சூடான நீர் மாலை வற்றத்தில், கடல் இறங்கும்போது, வெளியே வழியும். வாய்க்காலின் ஓரத்தில் மீன் காத்து நிற்கும். பெருமழை பெய்திருந்தாலோ மலையில் பனி உருகிக்கொண்டிருந்தாலோ அந்தப் பக்கம் போக வேண்டாம். குளிர்ந்த, பழுப்பு நிற நன்னீர் மேலாகப் பரவியிருக்கும்; முகத்துவாரத்தை விட்டு ஓரிரு கிலோமீட்டர் தள்ளி இடம் பாருங்கள்.

ஓதத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது

பல கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளைய ஏற்றம் இன்றையதைவிட 50 நிமிடம் தாமதமாகும். இந்த வாரம் நல்ல நேரத்தில் வந்த ஓதம் அடுத்த வாரம் ஏறக்குறைய தலைகீழாக இருக்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே நேரத்துக்குத் திரும்பும். சில கடல்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான், சிலவற்றில் ஓதமே சில அங்குலம்தான். உங்கள் கரையின் அட்டவணையை ஒரு மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏற்றத்தின் ஆறு மணி நேரத்தில் ஏறும் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றிலும் நான்கிலும் 3, ஐந்தில் 2, கடைசியில் 1. நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. ஓட்டம் வலுவாக இருப்பதும் அப்போதுதான்.

இதைக் கரைக்கும் பாலத்துக்கும் வெவ்வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். மணற்கரையில், உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை நல்ல தொடக்கக் கணக்கு. மீன் கரையோரப் பள்ளங்களுக்குள் நுழைய அப்போதுதான் ஆழம் கிடைக்கும். கடல்பாலத்தில் ஆழம் எப்போதும் இருக்கிறது, வேண்டியது ஓட்டம். ஆகவே அங்கே ஓதத்தின் நடுப்பகுதி. நீர் நின்றுபோகும் இருபது முப்பது நிமிடத்தில் டீ குடிக்கலாம், முடிச்சுகளைச் சரிபார்க்கலாம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, சரியாகச் சொன்னால் அவற்றுக்கு ஓரிரு நாள் கழித்து, ஓதம் மிகப் பெரிதாக இருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் சோம்பிக் கிடக்கும். பெரிய ஓதம் மணற்கரைக்கு நல்லது. ஆனால் பாலத்தில் அதன் ஓட்டம் 100 கிராம் ஈயத்தையும் உருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பவர் நரம்போடு சிக்கவைக்கும். பாலத்துக்குப் புதியவர் நடுத்தர ஓதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அட்டவணையில் இரண்டு பொறிகள் உண்டு. வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில், சில அட்டவணைகள் இன்னும் பழைய நேரத்தையே காட்டும்; பார்க்காமல் போனால் முழு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பீர்கள். அடுத்தது, எண்கள் ஒரு துறைமுகத்துக்கானவை; உங்கள் கரை அதிலிருந்து பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ மாறலாம். ஒருமுறை போய் உண்மை நேரத்தைக் குறித்துக்கொண்டால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பதையும் மனதில் வையுங்கள். புயலுக்கு முன் நாட்களில் அட்டவணையைவிடத் தண்ணீர் மேலே ஏறி, பின்வாங்கும் வழியை மூடிவிடக்கூடும்.

கரையை வற்றத்தில் படிப்பது

மீன்பிடிப்பது ஏற்றத்தில் என்றாலும் இடத்தைத் தேர்வது வற்றத்தில். பெரிய ஓதம் உள்ள நாளில், நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில் கரையோரமாக ஒரு கிலோமீட்டர் நடந்தால் தரையின் மேடு பள்ளமெல்லாம் வெளியே தெரியும். கரைக்கு இணையாக ஓடும் நீள்பள்ளம், அதற்கு வெளியே மணல்திட்டு, திட்டில் உடைப்பாக விழுந்த வாய்க்கால், சிப்பிப் படுகை, ஒற்றைப் பாறை என எல்லாவற்றையும் படம் எடுத்து, கரையில் அசையாத ஒரு பொருளோடு சேர்த்து அடையாளம் வைக்கவும். நீர் ஏறிய பிறகு அந்த அடையாளத்தை வைத்துத்தான் எறிய முடியும். குளிர்காலப் புயல்கள் மணலை நகர்த்திவிடுவதால் போன வருடத்துப் பள்ளத்தை நம்பாதீர்கள்.

வற்றத்தில் போக முடியாவிட்டால் உயரமான இடத்தில் நின்று, கண்கூச்சம் நீக்கும் போலராய்டு கண்ணாடியோடு பாருங்கள். அலை எங்கே வெள்ளையாக உடைகிறதோ அங்கே திட்டு. உடையாமல் கருமையாக, வழுவழுவென்று இருப்பது பள்ளம். இரண்டு வெள்ளைப் பகுதிகளுக்கு நடுவே நுரை கடலை நோக்கிப் போகிறதென்றால் அது உடைப்பு வாய்க்கால். அதன் இரு ஓரங்களும் மீன் நிற்கும் இடம். அதற்குள் மனிதன் இறங்கினால் இழுத்துக்கொண்டு போகும் இடமும் அதுவே.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, இருக்கும் பலத்தை எல்லாம் போட்டுத் தூரமாக எறிவது. முதல் பள்ளம் கரையிலிருந்து 15, 20 மீட்டரில் இருக்கும்போது 80 மீட்டர் எறிந்தால் இரை திட்டின் மேல், ஒரு முழ ஆழத்தில், மீனுக்கு அந்தப் பக்கம் போய் விழும். இரண்டு ராடு இருந்தால் ஒன்றை அருகிலும் ஒன்றைத் தூரத்திலும் போடுங்கள். எதில் முதலில் கடிக்கிறதோ அந்தத் தூரத்துக்கு இரண்டையும் மாற்றுங்கள்.

கடல்பாலத்தில் நிற்க வேண்டிய இடம்

கூட்டமெல்லாம் பாலத்தின் நுனியில் நிற்கும். நுனிக்கு நியாயம் உண்டு, ஆழமும் ஓட்டமும் அங்கே அதிகம். ஆனால் வசந்தத்தில் நீர் கலங்கி, அலை ஓரளவு இருக்கும் நாளில், பாலம் முதல் பள்ளத்தைக் கடக்கும் இடம்தான், அதாவது அலை உடையும் கோட்டுக்குச் சற்று உள்ளே, தரைமீன்களுக்கு நல்ல இடம். யாரும் நிற்காததால் சிக்கலும் இல்லை.

தூண்களைச் சுற்றி ஓட்டம் மணலை அரித்துக் குழி பறித்திருக்கும். தூணில் ஒட்டிய சிப்பியும் நண்டும் சிறுமீனும் பெரியவற்றை இழுக்கும். ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் கைப்பிடியில் நின்று, 30 முதல் 60 கிராம் ஈயத்தில் தூணுக்கு ஒரு கை தூரத்தில் நேராக இறக்கவும். எதிர்ப்பக்கம் நின்றால் நரம்பு பாலத்துக்கு அடியில் போய்ச் சிப்பியில் அறுபடும். இரவில் விளக்கு இருந்தால் வெளிச்சத்துக்குள் போடாமல், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் போடுங்கள். வேட்டைமீன் இருளில் நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு கிலோவுக்கு மேல் உள்ள மீனை நரம்பைப் பிடித்து மேலே தூக்காதீர்கள். நீருக்குள் அது எடையற்றது. காற்றில் தொங்கித் துள்ளும்போது வரும் சுண்டல் 7 கிலோ நரம்பையும் அறுக்கும், இல்லையென்றால் முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வரும். வளையம் கோத்த இறக்குவலை வேண்டும். கயிறின் நீளத்தை, பாலத்தின் உயரத்தோடு ஓத வித்தியாசத்தையும் கூட்டி, மேலும் 2 மீட்டர் சேர்த்துக் கணக்கிடவும். ஏற்றத்தில் தளம் 6 மீட்டர் உயரம், ஓதம் 2 மீட்டர் என்றால் 10 மீட்டர் கயிறு. வற்றத்தில்தான் நல்ல மீன் மாட்டி, வலை நீரைத் தொடாமல் ஊஞ்சலாடும்.

தளவாடம்

பாலத்துக்கு 2.1 முதல் 2.7 மீட்டர் ராடு போதும். பல பாலங்களில் தலைக்கு மேல் வீசி எறியத் தடை இருப்பதால் நீண்டது சுமைதான். மணற்கரைக்கு 3.3 முதல் 3.9 மீட்டர், 100 முதல் 150 கிராம் எறியக்கூடியது. நீளம் தூரத்துக்காக மட்டும் இல்லை. உடையும் அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கவும்தான்.

ரீலில் 0.35 மில்லிமீட்டர் நைலான் நரம்பு 250 மீட்டர், அல்லது 9 முதல் 14 கிலோ தாங்கும் பின்னல் நரம்பு. பின்னல் மெல்லியது, ஓட்டத்தில் குறைவாக இழுபடும், மெல்லிய கடியையும் விரலுக்குச் சொல்லும். வசந்தத்தின் குளிர்நீரில் மீன் மெதுவாகவே வாய் வைப்பதால் இது பெரிய வசதி. ஆனால் சிப்பியிலும் பாறையிலும் ஒரு உரசலில் அறும். தூண்களுக்கு நடுவே போடுகிறவர் நைலானே வைத்துக்கொள்ளலாம். ஸ்பூலின் (ரீலில் நரம்பு சுற்றும் உருளை) விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்திச் சுற்றவும். விளிம்பு வரை நிரப்பிய பின்னல் நரம்பு எறியும்போது கொத்தாகக் கிளம்பிப் பறவைக்கூடாகிவிடும்.

நரம்புக்கு முன்னால் லீடர் என்னும் தடித்த துண்டு நரம்பைக் கட்டாமல் கனமான ஈயத்தை எறிவது ஆபத்து. அறுந்து பறக்கும் 110 கிராம் ஈயம் ஆளைக் கொல்லும். கணக்கு எளிது: ஒவ்வொரு 28 கிராம் ஈயத்துக்கும் 4.5 கிலோ தாங்கும் திறன். 110 கிராமுக்கு 18 கிலோ, 140 கிராமுக்கு 23 கிலோ. நீளம், ராடைப்போல் இரு மடங்கு, அதற்கு மேல் ஸ்பூலில் ஐந்து சுற்று, 3.6 மீட்டர் ராடுக்கு ஏறக்குறைய 8 மீட்டர். எறியும்போது லீடர் முடிச்சு ஸ்பூலின் அடிப்பக்கம் இருக்கட்டும். மேல்விளிம்பில் இருந்தால் அடுத்த சுற்றுகளை வாரிக்கொண்டு போகும்.

டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) நரம்பு தாங்கும் எடையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். 7 கிலோ நரம்புக்கு 2 கிலோ. கைத்தராசின் கொக்கியில் நரம்பை மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரியும்; கையால் இழுத்து உத்தேசமாக வைக்கிறவர் அநேகமாக அதிகமாகவே இறுக்கியிருப்பார்.

ஈயத்தின் வடிவத்தைத் தரை தீர்மானிக்கட்டும். மணலில் பிரமிடு. பக்க ஓட்டம் பலமாக இருந்தால் கம்பிக்கால் உள்ள ஈயம். இழுத்தால் கால் மடங்கி விடுபடும். கல்தரையில் சாதாரண நீள்ஈயத்தை 4 கிலோ தாங்கும் மெல்லிய துண்டு நரம்பில் கட்டுங்கள். மாட்டிக்கொண்டால் ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் திரும்பும். ஆனால் இந்தக் கட்டோடு ஓங்கி வீசக் கூடாது, மெல்ல இறக்கவோ தளர்வாகப் போடவோ மட்டும்.

இரண்டு கட்டு தெரிந்தால் வசந்தம் முழுக்கச் சமாளிக்கலாம். தரையில் மேயும் சிறு, நடுத்தர மீன்களுக்கு இரட்டை முள் கட்டு: 0.60 மில்லிமீட்டர் நைலானில் மேலே ஸ்விவல் (சுழலும் இணைப்பு), அதிலிருந்து 15 சென்டிமீட்டரில் முதல் கிளை, அடுத்த 55 சென்டிமீட்டரில் இரண்டாவது, இன்னும் 40 சென்டிமீட்டர் கீழே ஈயம். கிளைகள் ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர், 0.40 நரம்பு, 4 முதல் 1 வரையிலான எண் முள். கிளைகளுக்கு இடையிலான தூரம் இரண்டு கிளை நீளங்களின் கூட்டலைவிட அதிகமாக இருக்க வேண்டும். குறைத்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். முள் வாங்கும்போது எண் குழப்பும்: வெறும் எண்ணில் பெரிய எண் சிறிய முள், கோடு போட்டு சுழி வரும் எண்ணில் பெரிய எண் பெரிய முள்.

பெரிய மீனுக்கு ஓடும் ஈயக் கட்டு. லீடரில் ஈயம் வழுக்கி ஓடும் குழாய், ஒரு பாசிமணி, ஸ்விவல், பிறகு 50 சென்டிமீட்டர் 0.50 நரம்பு, 4/0 வட்டமுள். மீன் இரையை எடுத்துப் போகும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. கடைசித் துண்டை ஒரு மீட்டருக்கு நீட்டினால் அலையில் சுழன்று முறுக்கேறும், குட்டையாகவே வையுங்கள். பல்லுள்ள மீன் வரும் கரையானால் முள்ளுக்கு முன் 15 சென்டிமீட்டர் கம்பி. வட்டமுள்ளில் சுண்டி இழுக்கக் கூடாது. நரம்பு இறுகும் வரை நிதானமாகச் சுற்றினால் முள் தானே வாயோரத்தில் ஏறும். பழைய பழக்கத்தில் சுண்டுகிறவர் இரையை மீன் வாயிலிருந்து பிடுங்கிவிடுவார். முடிச்சு எதுவானாலும் இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்கவும். உலர்ந்த நைலான் உரசலில் சூடாகி அந்த இடத்தில் பலமிழக்கும்.

இரை

குளிர்நீரில் மீனின் செரிமானம் மெதுவாக நடக்கும். பெரிய துண்டைப் பார்த்து அவசரப்படாது. சிறிய, மணமுள்ள, புதிய இரை. கடற்புழுவை முள் முழுக்க ஏற்றி ஒரு சென்டிமீட்டர் வால் தொங்கவிடவும். கணவாயை 6 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலத்தில் நறுக்கி, தடித்த முனையில் ஒரே ஒரு முறை குத்தவும். இரண்டு மூன்று தடவை குத்திச் சுருட்டினால் நீரில் பம்பரமாகச் சுற்றும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன் துண்டுகளை மெல்லிய எலாஸ்டிக் நூலால் எட்டு பத்துச் சுற்றுச் சுற்றாவிட்டால் எறியும்போதே இரை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம்.

எவ்வளவு எடுத்துப் போவது? குளிர்நீரில் மணம் கரைந்துபோக 20 நிமிடம் ஆகும். அதற்குள் மாற்றியாக வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு 12 மாற்றம், இரண்டு முள்ளுக்கு 24 துண்டு, ஒவ்வொன்றும் 10 கிராம் என்றால் 240 கிராம். நண்டு திருடுவதையும் சேர்த்து ஒரு ராடுக்கு 400 கிராம். உருகிய இரையை மறுபடி உறையவைத்தால் கூழாகும். மிச்சத்தைக் கல் உப்பில் ஒரு நாள் புதைத்து வைத்தால் இறுகி அடுத்த முறைக்கு ஆகும்.

சிறுமீன் நீர்மேல் சிதறுவதைக் கண்டால் இரையை விட்டுவிட்டு 20 முதல் 40 கிராம் வெள்ளி உலோகத் தகடை எறியலாம். கோடையில் இழுப்பதைப்போல் பாதி வேகத்தில் இழுங்கள்.

போகலாமா, வேண்டாமா

அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது அரைகுறைக் கணக்கு. ஒரு மீட்டர் அலை 7 விநாடி இடைவெளியில் வந்தால் மணற்கரையில் நிற்கலாம். அதே ஒரு மீட்டர் 14 விநாடி இடைவெளியில் வந்தால், தொலைதூரப் புயலின் பலத்தைச் சுமந்து வருகிறது. கரையேறும்போது எதிர்பாராத உயரத்துக்கு ஏறும். அலைத்தடுப்புக் கற்களிலோ தாழ்ந்த பாறையிலோ நிற்பதானால், உலர்ந்த இடத்தில் 20 நிமிடம் நின்று பெரிய அலைகள் எதுவரை ஏறுகின்றன என்று பார்த்த பிறகே இறங்குங்கள். ஈரமாகக் கருத்த கல் இருந்தால் அங்கே அலை வருகிறது என்று பொருள்.

கடலிலிருந்து கரையை நோக்கி மணிக்கு 15, 20 கிலோமீட்டரில் வீசும் காற்று நல்லது. நீர் லேசாகக் கலங்கி, அலை இரையைக் கிளறும், மீன் துணிந்து உள்ளே வரும். 30ஐத் தாண்டினால் எறிவது வீண். பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள்தான் பல கரைகளில் சிறந்த நாள். கண்ணாடிபோல் தெளிந்த, அலையற்ற நீர் பகலில் பிரயோசனமில்லை, இருட்டும் வரை காத்திருக்கலாம்.

வசந்தத்துக்கே உரிய ஒரு தொல்லை, பாசிப்பெருக்கு. நீர் சூடாகும்போது நுண்பாசி பெருகி, பழுப்பாக, கோழைபோல் நரம்பில் ஒட்டும். புயல் பிடுங்கிய கடற்பாசியும் சேரும். நரம்பு கனத்து, ஈயம் நகர்ந்துகொண்டே இருந்தால் ராடை உயர்த்திப் பிடித்து நரம்பு நீரில் படும் நீளத்தைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் போராடாமல் இடத்தை மாற்றுங்கள். இதற்காகத்தான் புறப்படும் முன்பே இரண்டாவது இடம் ஒன்றை, முடிந்தால் வேறு திசை நோக்கிய கரையாக, முடிவுசெய்து வைக்க வேண்டும்.

15 டிகிரிக்குக் கீழான நீரில் தவறி விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தானாக வாரியிழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் கடல்நீர். வெயிலைப் பார்த்து ஏமாறும் வசந்தத்தில் இது நடக்கிறது. கற்களிலும் அலையிலும் நிற்பவர் மிதவை உடுப்பு அணியட்டும். விழுந்தால் நீந்த முயலாமல் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கி, பிறகு கரையேறப் பாருங்கள். மார்பளவு நீர்ப்புகா உடையில் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் இறங்க வேண்டாம். தொடைக்கு மேல் ஆழமும் வேண்டாம். உடைப்பு வாய்க்கால் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேறவும். இடி கேட்டால் ராடைக் கீழே போட்டு வெளியேறுங்கள், கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும்.

அனுமதி, அளவு, தடைக்காலம் ஆகியவை பெரும்பாலும் வசந்தத்தில்தான் மாறும், மீன் முட்டையிடும் பருவம் என்பதால். அந்தந்த இடத்தின் மீன்வளத் துறை அந்த ஆண்டுக்கு வெளியிட்டதைப் படியுங்கள். நீளத்தை வால்நுனி வரை அளப்பதா, வால் பிளவு வரை அளப்பதா என்பது விதிக்கு விதி மாறும்.

ஒரு நாளின் கணக்கு

உயர் ஓதம் மாலை 5:40, சூரியன் மறைவது 6:45 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். தாழ் ஓதம் சுமார் 11:25. ஆகவே 11 மணிக்குக் கரையில் நடந்து பள்ளங்களைக் குறிப்பது. 2:30க்கு வந்து ராடு பூட்டி, வெப்பமானியை இறக்கி, இரண்டு கூடுதல் கட்டுகளைத் தயாராகப் பையில் மடித்து வைப்பது. 3 மணிக்கு முதல் எறிதல், ஓட்டம் வலுவாக இருக்கும்போது. 3:40 முதல் 6:40 வரை முக்கிய நேரம். இதற்குள் சாப்பாடோ முடிச்சோ கூடாது. 45 நிமிடம் ஒன்றும் தொடாவிட்டால் இரையை மாற்றுவதற்கு முன் தூரத்தையும், தூரத்தை மாற்றியும் பலனில்லையென்றால் 50 மீட்டர் தள்ளி இடத்தையும் மாற்றவும். பக்கத்தில் பாலம் இருந்தால் 7 மணிக்கு அங்கே போய், வற்றம் வேகம்பிடிக்கும் 8:30 வரை விளக்கோரத்தில் போடலாம்.

மீன் வந்த பிறகு

திரும்ப விடப்போகும் மீனை ஈரக்கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, அரை நிமிடத்துக்குள் விடுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை வெட்டிவிடுவது மீனுக்கு நல்லது. பெயர் தெரியாத மீனை வெறுங்கையால் தொட வேண்டாம். கெளுத்தி, திருக்கை, மணலில் புதைந்து கிடக்கும் முள்மீன்கள் குத்தினால், குத்திய இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 40 முதல் 45 டிகிரி வெந்நீரில், வலி அடங்கும் வரை 30 முதல் 90 நிமிடம் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் இதற்காகவே. ஊதிக்கொள்ளும் பேத்தையைச் சாப்பிட நினைக்கவே வேண்டாம்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே கொன்று, செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த பெட்டியில் முழுக்க மூழ்கும்படி வையுங்கள். மீனின் எடைக்குக் குறையாமல் பனிக்கட்டி. வெறும் கட்டிகள் மேல் கிடத்தினால் தொடும் பக்கம் மட்டும் குளிரும்.

வீட்டுக்கு வந்ததும் ரீலின் டிராக்கை இறுக்கி, குழாய்நீரை மெல்லத் தூவிக் கழுவவும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்த பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உள்ள தகடுகள் அழுந்தி ஒட்டி, அடுத்த முறை பெரிய மீன் ஓடும்போது விக்கி விக்கி விடும். உறங்கப் போகும் முன் நான்கு எண்களை எழுதிவிடுங்கள்: நீரின் சூடு, கடி தொடங்கியது ஓதத்தின் எத்தனையாவது மணி, காற்றின் திசை, கரையிலிருந்து தூரம்.